மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கும் புரத உறவுகளை ஒரே தாளில் வரைந்து கற்பது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் மாலை வேளைகளில் நான் உயிரியல் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுள் சிலர் எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம் என்று பாடநூலில் படித்தவுடன், தங்கள் வீட்டு வாசலிலிருந்தே தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் அவர்கள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு மின்நிலையத்தைப் பற்றி இன்னொன்றும் தெரியும். அது தானாக ஓடுவதில்லை; பழுது பார்க்கவும், தேய்ந்ததைக் கழற்றவும், கெட்ட பகுதியை மற்றவற்றிலிருந்து துண்டிக்கவும் இரவும் பகலும் ஆட்கள் வேலை செய்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்ற கேள்விக்குப் பள்ளிப் பாடநூலில் விடை கிடைப்பது அரிது. கல்லூரிக்குப் போனால் விடை கிடைக்கும். ஆனால் அது முப்பது புரதப் பெயர்களைக் கொண்ட ஒரு பட்டியலாக வந்து சேர்வதால், தேர்வு முடிந்த வாரமே மறந்துபோகும்.

பெயர்களை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, எந்தப் புரதம், எந்த நிலைமையில், எதைத் தொடுகிறது, தொட்டவுடன் என்ன மாறுகிறது என்ற நான்கையும் ஒரே தாளில் வரைந்து கற்கும் முறையை இங்கே எழுதுகிறேன். நான்கு மாலைகள் போதும். ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும் முழு அளவுச் சார்ட் தாள் ஒன்று, பென்சில், அழிப்பான், மூன்று நிற ஸ்கெட்ச் பேனா, பத்துக் கேரம் காய்கள் ஆகியவை தேவை. பெயர்களையும் கோடுகளையும் பென்சிலால் மட்டுமே போடுங்கள். இந்தத் துறையில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் உறுதியென்று கருதப்பட்ட கோடு ஒன்றை இன்று அழிக்க வேண்டியிருக்கலாம்.

முதல் மாலையின் தொடக்கத்தில் புரதம் எதையும் எழுத வேண்டாம். இடங்களை மட்டும் வரையுங்கள். தாளின் நடுவே ஒரு பெரிய நீள்வட்டம் வெளிச்சவ்வு. அதனுள்ளே மடிப்புகளோடு இன்னொரு கோடு உட்சவ்வு. இரண்டுக்கும் நடுவே சவ்விடை வெளி, உட்சவ்வுக்குள்ளே மேட்ரிக்ஸ், வெளிச்சவ்வுக்கு வெளியே சைட்டோபிளாசம். தாளின் ஒரு மூலையில் உட்கருவையும் எதிர் மூலையில் செல்லின் செரிமானப் பையான லைசோசோமையும் வரைந்துகொள்ளுங்கள். இந்த ஐந்து இடங்களும் இரண்டு மூலைகளும் மனத்தில் பதியாமல் அடுத்த மாலைக்குப் போவதில் பயனில்லை. ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்பதே பல சமயங்களில் அது செல்லுக்குச் சொல்லும் செய்தியாக அமைகிறது.

வரைந்து முடித்தபின் மேட்ரிக்ஸுக்குள் 13 என்ற எண்ணை எழுதுங்கள். மனித மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக 16,569 கார இணைகள் கொண்ட ஒரு சிறிய வட்ட டிஎன்ஏ உண்டு. அதன் முழு வரிசையும் 1981இல் வெளியானது. அதிலுள்ள 37 மரபணுக்களில் 13 மட்டுமே புரதங்களுக்குரியவை. மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டுள்ள புரதங்களோ ஆயிரத்து நூறுக்கும் மேல். 2020இல் வெளியான மைட்டோகார்ட்டா 3.0 என்னும் பட்டியலில் மனிதனுக்குரியவை 1,136. ஆகவே நூற்றில் தொண்ணூற்றெட்டுக்கும் மேற்பட்ட புரதங்களுக்கான குறிப்பு உட்கருவில் இருக்கிறது. அவை சைட்டோபிளாசத்தில் தயாராகி, வாயில் தாண்டி உள்ளே வரவேண்டியவை. உட்கருவிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு தடித்த அம்புக்குறி போடுங்கள். மைட்டோகாண்ட்ரியாவின் நலத்தைப் பற்றிய பேச்சு அனைத்தும் இந்த அம்புக்குறியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செல் செலவிடும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து தொடங்கினால் கதையின் நடுவில் நுழைந்தவர்களாகிவிடுவோம்.

அம்புக்குறி வெளிச்சவ்வைத் தொடும் இடத்தில் டாம் என்றும், உட்சவ்வைத் தொடும் இடத்தில் டிம்23 என்றும் எழுதுங்கள். இவை தனிப் புரதங்களல்ல. பல புரதங்கள் கூடி அமைந்த வாயில்கள். உள்ளே வரவேண்டிய புரதங்களுள் பலவற்றின் தொடக்கத்தில் ஒரு முகவரித் துண்டு உண்டு. அதன் ஒரு பக்கம் நேர்மின்னேற்றம் கொண்டது, மறுபக்கம் நீரை விலக்குவது. டாம்20 நீரை விலக்கும் பக்கத்தைப் பிடிக்கிறது. டாம்40 என்னும் துளை வழியே இழை உள்ளே நுழைகிறது. டிம்23 அதை மேட்ரிக்ஸுக்குள் விடுகிறது. உட்சவ்வின் உட்புறம் எதிர்மின்னேற்றம் கொண்டிருப்பதால் நேர்மின்னேற்றம் கொண்ட முகவரித் துண்டு உள்ளே இழுக்கப்படுகிறது. ஏறத்தாழ 150 முதல் 180 மில்லிவோல்ட் வரையுள்ள இந்த மின்னழுத்த வேறுபாட்டைச் சிவப்பு நிறத்தில் உட்சவ்வின் மேல் எழுதிவையுங்கள். ஏடிபி தயாரிப்பதும் இதைக் கொண்டே, வாயில் இழுப்பதும் இதைக் கொண்டே. இரண்டாம் மாலை முழுவதும் இந்தச் சிவப்பு எழுத்தைச் சுற்றித்தான் நடக்கும்.

இனி ஒரு விதி. இரண்டு பெயர்களுக்கு நடுவே வெறுங்கோடு போடக்கூடாது. கோட்டின் மேல் ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும்: பிடிக்கிறது, வெட்டுகிறது, பாஸ்பேட் ஏற்றுகிறது, யுபிகுவிட்டின் (அடையாளமாகப் பயன்படும் ஒரு சிறு புரதம்) ஒட்டுகிறது, பிரித்தெடுக்கிறது, தடுக்கிறது. கோட்டின் கீழே அது எந்த நிலைமையில் நடக்கிறது என்ற குறிப்பு இருக்க வேண்டும். இரண்டு புரதங்கள் தொடர்புடையவை என்று மட்டும் எழுதினால் எதையும் சொன்னதாகாது. எண்ணூர் விரைவுச் சாலையில் போகும் எல்லா வண்டிகளும் ஒரு வகையில் தொடர்புடையவைதான்.

இரண்டாம் மாலையில் பிங்க்1, பார்க்கின் என்ற இரு புரதங்களை எழுதுங்கள். பார்க்கின் மரபணு 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் வந்த குடும்பங்களை ஆராய்ந்தபோது அது கிடைத்தது. பிங்க்1 மரபணுவில் ஏற்படும் மாற்றங்களும் அதே வகை நோயைத் தருகின்றன என்பது 2004இல் தெரியவந்தது. இரண்டுக்கும் உள்ள உறவை 2006இல் பழ ஈக்கள் காட்டிக்கொடுத்தன. பிங்க்1 இல்லாத ஈயின் தசைகளிலும் இறக்கைகளிலும் தோன்றிய கோளாறு, பார்க்கினை மிகுதியாகக் கொடுத்தபோது பெரும்பாலும் சரியாயிற்று. ஆனால் பார்க்கின் இல்லாத ஈயைப் பிங்க்1 காப்பாற்றவில்லை. ஆகவே பிங்க்1 முன்னே, பார்க்கின் பின்னே. உங்கள் தாளிலும் அந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

நலமான மைட்டோகாண்ட்ரியாவில் நடப்பதை முதலில் வரையுங்கள். பிங்க்1 முகவரித் துண்டோடு டாம் வாயிலுக்கு வருகிறது, டிம்23 வரை இழுக்கப்படுகிறது, உட்சவ்வில் பார்ல் என்னும் நொதி அதை 103ஆம், 104ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே வெட்டுகிறது. வெட்டப்பட்ட துண்டு சைட்டோபிளாசத்துக்குத் திரும்பி, புரோட்டியசோம் என்னும் புரதச் சிதைப்பு அமைப்பால் அழிக்கப்படுகிறது. இப்படி நாள் முழுவதும் வந்து, வெட்டுப்பட்டு, அழிந்துகொண்டே இருக்கிறது பிங்க்1.

சென்ற ஆண்டு ஒரு மாணவி இந்த இடத்தில் கையை உயர்த்தினாள். “சார், அழிக்கிறதுக்குன்னே ஒரு புரதத்தை செல்லு எதுக்கு செஞ்சிக்கினே இருக்கணும்? வேஸ்ட்டு தானே?” என்றாள். இந்தத் துறையில் கேட்கத் தகுந்த கேள்விகளில் இதுவே முதன்மையானது என்று நினைக்கிறேன். பதிலுக்கு அவளைச் சாலைக்கு அழைத்துப் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. தண்டையார்பேட்டையில் வளர்ந்தவளுக்கு நினைவூட்டினாலே போதும். துறைமுக வாயில் ஒழுங்காக இயங்கும் நாளில் கண்டெய்னர் லாரிகள் வருகின்றன, உள்ளே போகின்றன, யாரும் கவனிப்பதில்லை. வாயிலில் வேலை நின்றால், யாரும் அறிவிக்காமலேயே சாலையில் லாரிகள் வரிசையாக நின்றுவிடுகின்றன. அந்த வரிசையைப் பார்த்தே உள்ளே ஏதோ நின்றுவிட்டது என்று காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பிங்க்1 அந்த லாரி. அது தொடர்ந்து வந்துகொண்டிருந்தால்தான், உள்ளே போக முடியாத நாளில் வெளியே தேங்கும். செய்தியைச் சொல்வது அந்தத் தேக்கமே. இதற்காகத் தனியாக ஓர் அளவுமானி தேவையில்லை. புரதங்களை உள்ளே கொண்டுவரும் வாயிலின் நலமே மைட்டோகாண்ட்ரியாவின் நலத்துக்கு அளவுகோலாகிவிடுகிறது.

இப்போது சிவப்பு மின்னழுத்தத்தை அடித்துவிட்டு, அதே இடத்தில் பழுதடைந்த நிலையை வேறு நிறத்தில் வரையுங்கள். இழுக்கும் விசை இல்லாததால் பிங்க்1 பார்லிடம் போய்ச் சேரவில்லை. டாம் வாயிலிலேயே தங்கி, இன்னொரு பிங்க்1ஓடு இணைந்து, ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு செயலுக்கு வருகிறது. வெளிச்சவ்வில் ஏற்கெனவே சிறிதளவு யுபிகுவிட்டின் இருக்கும். 76 அமினோ அமிலங்களே கொண்ட இந்தச் சிறு புரதம், மற்றப் புரதங்களின் மேல் ஒட்டப்பட்டு அடையாளமாகப் பயன்படுவது. அதன் 65ஆம் இடத்திலுள்ள செரின் மீது பிங்க்1 பாஸ்பேட் ஏற்றுகிறது; 2014இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புதான் அதுவரை அறுந்து கிடந்த சங்கிலியை இணைத்தது. சைட்டோபிளாசத்தில் மடங்கிய நிலையில், செயலற்றுக் கிடக்கும் பார்க்கின், பாஸ்பேட் ஏறிய யுபிகுவிட்டினை இறுகப் பிடிக்கிறது. பிடித்தவுடன் அதன் மடிப்பு தளர்கிறது. பார்க்கினின் ஒரு முனை யுபிகுவிட்டினைப் போன்ற வடிவம் கொண்டது. அதிலும் 65ஆம் இடத்தில் ஒரு செரின் இருக்கிறது. அதன் மீதும் பிங்க்1 பாஸ்பேட் ஏற்றுகிறது. முழுமையாக விழித்த பார்க்கின், வெளிச்சவ்வுப் புரதங்களின் மேல் இன்னும் யுபிகுவிட்டின் ஒட்டுகிறது. அவற்றின் மீது பிங்க்1 இன்னும் பாஸ்பேட் ஏற்றுகிறது. அது இன்னும் பார்க்கினை அழைக்கிறது.

இந்த இடத்தில் உங்கள் கோடு ஒரு வட்டமாகத் திரும்ப வேண்டும். நேர்கோட்டில் வரைந்திருந்தால் அழித்துவிட்டு மீண்டும் வரையுங்கள். வட்டம் என்பதால்தான் சிறிய பழுது ஒன்று சில பத்து நிமிடங்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா முழுவதும் பரவிய அடையாளமாக வளர்கிறது. வளர்ந்துகொண்டே போகும் வட்டத்துக்குக் கடிவாளமும் வேண்டும். யுஎஸ்பி30 என்னும் நொதி வெளிச்சவ்வில் இருந்துகொண்டு, ஒட்டிய யுபிகுவிட்டினைப் பிரித்தெடுக்கிறது. பொய்யான எச்சரிக்கைக்கெல்லாம் மைட்டோகாண்ட்ரியாவை அழித்துவிடாமல் காக்கும் இந்தப் புரதத்தை வட்டத்தின் வெளியே, தடுக்கும் குறியோடு எழுதுங்கள். பார்க்கினின் வேலை குறைந்த இடத்தில் இதைச் சற்று அடக்கினால் பலன் உண்டா என்ற நோக்கில் மருந்து ஆய்வுகள் நடந்து வருகின்றன.

வட்டத்திலிருந்து லைசோசோமை நோக்கி ஒரு கோடு போகிறது. ஆப்டினூரின், என்டிபி52 என்னும் இரு புரதங்கள் ஒரு கையால் யுபிகுவிட்டின் சங்கிலியையும் மறுகையால் எல்சி3 என்னும் புரதத்தையும் பிடிக்கின்றன. எல்சி3 பதிந்த சவ்வு, பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி வளர்ந்து ஒரு பையாக மூடி, லைசோசோமில் கொண்டு சேர்க்கிறது. டிபிகே1 என்னும் நொதி ஆப்டினூரின் மீது பாஸ்பேட் ஏற்றி அதன் பிடியை இறுக்குகிறது. செல் தன் பகுதிகளையே இப்படித் தின்று செரிக்கும் செயலைப் பற்றிய ஆய்வுக்காகத்தான் ஜப்பானைச் சேர்ந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. சிவப்பணுக்கள் முதிரும்போது தங்களிடமுள்ள எல்லா மைட்டோகாண்ட்ரியாவையும் நீக்கிவிடுகின்றன; அங்கே யுபிகுவிட்டின் வழி தேவைப்படுவதில்லை. நிக்ஸ் என்னும் வெளிச்சவ்வுப் புரதம் தானே எல்சி3 குடும்பப் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. இதை ஒரு குறுக்குக் கோடாகக் காட்டினால் போதும்.

மூன்றாம் மாலையில் இணைதலும் பிரிதலும். பாடநூல் படத்தில் மைட்டோகாண்ட்ரியா அவரைக்கொட்டை போலத் தனித்தனியாகக் கிடக்கிறது. உயிருள்ள செல்லில் அவை வலைபோல இணைந்தும் அறுந்தும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1898இல் கார்ல் பெண்டா இழை, மணி என்ற பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதற்குப் பெயரிட்டார். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் இழைமணி என்ற சொல் அந்தப் பொருளை அப்படியே தாங்கி நிற்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

வெளிச்சவ்வுகளை இணைப்பவை மைட்டோஃபியூசின் 1, 2. உட்சவ்வுகளை இணைப்பது ஓப்பா1. பிரிப்பது டிஆர்பி1, அது சைட்டோபிளாசத்திலிருந்து வந்து, எம்எஃப்எஃப் போன்ற வெளிச்சவ்வுப் புரதங்களைப் பிடித்து, மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி வளையமாக இறுக்குகிறது. எங்கே அறுக்க வேண்டும் என்பதை எண்டோபிளாச வலை முன்கூட்டியே சுற்றிக் காட்டுகிறது என்பது 2011இல் தெரிந்தது. சிறு குறை உள்ள மைட்டோகாண்ட்ரியா நல்லதோடு இணைந்தால், நல்லதிலுள்ள புரதங்களைப் பகிர்ந்துகொண்டு தேறிவிடும். குறை பெரிதானால் இணையவிடக் கூடாது. முந்தைய மாலையின் வட்டத்தோடு இந்தப் பக்கத்தை இணைக்கும் கோடு இதுதான்: பார்க்கின் மைட்டோஃபியூசின் மீது யுபிகுவிட்டின் ஒட்டுகிறது, பி97 என்னும் புரதம் அதைச் சவ்விலிருந்து பிடுங்குகிறது, புரோட்டியசோம் அழிக்கிறது. மின்னழுத்தம் குறையும்போது ஓமா1 என்னும் நொதி ஓப்பா1ஐ வெட்டிவிடுகிறது. இரண்டு சவ்விலும் இணையும் வழி அடைபடுகிறது. பேசின் பிரிட்ஜ் யார்டில் பழுதான பெட்டியை ரயிலிலிருந்து கழற்றித் தனித் தண்டவாளத்தில் விடுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

இனிக் கேரம் காய்களை எடுங்கள். ஏதேனும் ஒரு புரதத்தின் மேல் காயை வைத்து மூடிவிட்டு, எந்தக் கோடுகள் நிற்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டிஆர்பி1ஐ மூடினால் மைட்டோகாண்ட்ரியா பிரியாமல் நீண்ட வலையாகிவிடும். பழுதான துண்டைத் தனியாக்குவது கடினமாகும். மைட்டோஃபியூசின் 2ஐ மூடினால் உடலின் மிக நீண்ட நரம்புகள் முதலில் துன்பப்படும். அந்த மரபணுவின் மாற்றங்கள் ஷார்கோ-மாரி-டூத் 2ஏ என்னும் நரம்பு நோயைத் தருகின்றன, கால்களில்தான் பெரும்பாலும் முதலில் தெரியும். ஓப்பா1ஐ மூடினால் பார்வை நரம்பு பாதிக்கப்படும். ஆப்டினூரின், டிபிகே1 ஆகியவற்றின் மாற்றங்கள் இயக்க நரம்பு செல்களை அழிக்கும் ஏஎல்எஸ் நோயோடு தொடர்புடையவை.

பார்க்கினை மூடும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பார்க்கின், பிங்க்1 மரபணுக்களால் வரும் நோய்க்குத் தாய் வழியிலும் தந்தை வழியிலும் வந்த இரு பிரதிகளும் கெட்டிருக்க வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் மணம் முடிப்பது நம் தெருக்களில் இன்றும் இருப்பதால், ஒரே மாற்றம் இரு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு அத்தகைய குடும்பங்களில் கூடுதல். நாற்பது வயதுக்கு முன் கை நடுக்கமோ இயக்கத் தளர்ச்சியோ வந்தவர் இருந்தால், வயசுக்கோளாறு என்றோ பயம் என்றோ தள்ளிவைக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பதைப் பிள்ளைகள் வீட்டில் சொல்லும் அளவுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். மைட்டோகாண்ட்ரியாவை வலுப்படுத்துவதாக விளம்பரம் செய்யும் மாத்திரைகளைப் பற்றி அவர்கள் கேட்டால், இந்தத் தாளில் எந்தக் கோட்டை அந்த மாத்திரை மாற்றுகிறது என்று திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

நான்காம் மாலையை ஆதாரங்களுக்கு ஒதுக்குங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். நான் தவிர்க்க விடுவதில்லை. இரண்டு புரதங்கள் தொடுகின்றன என்று எப்படித் தெரியும்? ஒரு புரதத்தை எதிர்ப்பொருளால் பிடித்து இழுத்து, கூடவே எது வருகிறது என்று பார்ப்பது ஒரு முறை. காசிமேட்டில் விடியற்காலையில் வலையை உதறும்போது சுறாவும் இறாலும் ஒன்றாக விழுகின்றன. அவை கடலில் கூடி வாழ்ந்தன என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதுபோல, செல்லை உடைத்தபின் தற்செயலாக ஒட்டிக்கொண்டவையும் கூடவே வரலாம். ஆகவே தொடர்பில்லாத எதிர்ப்பொருளால் இழுத்த ஒப்பீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈஸ்ட் செல்லில் இரண்டு புரதங்களை உட்கருவுக்குள் சந்திக்கவைத்துச் சோதிக்கும் முறை 1989இல் வந்தது. சவ்வில் பதிந்திருக்கும் மைட்டோகாண்ட்ரியப் புரதங்களுக்கு அந்த முறை அவ்வளவாகப் பொருந்தாது. பயோஐடி என்னும் முறை 2012இல் வந்தது. உயிருள்ள செல்லுக்குள்ளேயே ஒரு புரதத்தின் பத்து நானோமீட்டர் அளவிலான சுற்றுப்புறத்தில் உள்ளவற்றின் மேல் பயோட்டின் அடையாளம் இடுகிறது. அது அண்டை வீட்டாரைக் காட்டும். உறவினரா என்பதைக் காட்டாது.

வீட்டிலிருந்தே சரிபார்க்க, புரத விவரங்களைத் தரும் யூனிப்ராட் (UniProt), புரத உறவுகளைத் தரும் ஸ்ட்ரிங் (STRING) என்னும் இலவசத் தரவுத்தளங்கள் போதும், கைபேசியிலும் திறக்கும். ஸ்ட்ரிங்கில் தேடும்போது உயிரினம் மனிதன் என்று தேர்ந்தெடுங்கள். பார்க்கினின் மரபணுப் பெயர் இப்போது பிஆர்கேஎன் (PRKN). பழைய கட்டுரைகளில் பார்க்2 என்றிருக்கும். திரையில் தோன்றும் கோடுகள் எல்லாம் தொடுதல்களல்ல. ஒரே கட்டுரையில் இரு பெயர்களும் சேர்ந்து வந்ததாலேயே இழுக்கப்பட்ட கோடுகளும் அவற்றில் உண்டு. அமைப்புகளில் உடல்சார் தொடர்புகளை மட்டும் காட்டும் தெரிவை வைத்து, நம்பக மதிப்பை 0.7க்கு உயர்த்தி, எழுத்துகளிலிருந்து தொகுத்த ஆதாரத்தை நீக்கிவிட்டுப் பாருங்கள். எஞ்சும் கோடுகளோடு உங்கள் தாளை ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ளவற்றை மட்டும் பேனாவால் தடிமனாக்குங்கள்.

பிங்க்1, பார்க்கின் வட்டத்தின் பக்கத்தில் ஒரு குறிப்பைப் பென்சிலால் எழுதிவைக்கவும் வேண்டும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பார்க்கின் ஓடி வருகிறது என்று 2008இல் காட்டிய ஆய்வும் அதைத் தொடர்ந்த பலவும், பார்க்கினைச் செயற்கையாக மிகுதியாகக் கொடுத்த செல்களில், மின்னழுத்தத்தை முற்றிலும் குலைக்கும் வேதிப்பொருளை இட்டுச் செய்யப்பட்டவை. உயிருள்ள உடலில் பழுது அவ்வளவு திடீரென்று வருவதில்லை. பிங்க்1 இல்லாத எலிகள் ஈக்களைப் போல மோசமாகப் பாதிக்கப்படுவதில்லை. அவற்றின் திசுக்களில் மைட்டோகாண்ட்ரியாவை நீக்கும் அன்றாட வேலை பெரும்பாலும் தொடர்கிறது என்று 2018இல் தெரியவந்தது. ஆகவே இந்த வட்டம் அன்றாடத் துப்புரவுக்கானது என்பதைவிட நெருக்கடிக்கானது என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனாலும் மாணவர்களை அதைக் கேள்விக்குறியோடுதான் எழுதச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் அது தெரியவந்த ஆண்டைச் சிறிய எழுத்தில் குறித்துவிட்டு, தாளைச் சுருட்டாமல் சுவரில் ஒட்டிவையுங்கள். வடசென்னைக் கடற்காற்றின் ஈரத்தில் சார்ட் தாள் ஒரு பருவமழைக்கு மேல் தாங்காது. அடுத்த தாளை வரையும்போது பழையதைப் பார்க்காமல் வரைந்து, பிறகு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எந்தக் கோட்டில் வினைச்சொல் விட்டுப்போயிருக்கிறதோ, அங்கிருந்து படிப்பைத் தொடருங்கள்.